மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டில்

வரவில்லை. காலையில் அவ்வளவு வந்தது, இப்போது ஒரு சொட்டுக்கு இந்தப் பாடு. இரண்டு தடவை உள்ளே போய் நின்றாகிவிட்டது. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு மழையை நினைத்தேன். தூத்துக்குடிக்காரன் மழையை எவ்வளவு நேரம் நினைத்துவிட முடியும். இரண்டாவது தடவை எதையும் நினைக்காமல் நின்றேன், அது மழையை நினைப்பதைவிடக் கஷ்டம், அதுவும் கதவுக்கு வெளியே லேப் பையன் எபனேசர் தம்பி நின்றுகொண்டு “அவசரமில்ல அண்ணாச்சி, மெதுவா, மெதுவா” என்று பிள்ளை பெறப்போகிறவளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மனிதனுக்கு வரும். கடைசியில் “தண்ணி குடிச்சிட்டு வெளிய உக்காருங்க, மத்தவங்கள முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்” என்று காலி டப்பாவோடு என்னை இந்த வராந்தா நாற்காலியில் உட்கார்த்திவிட்டான். டப்பாவில் தங்கப்பழம், ரீச் ஸ்டாக்கர் ஆப்பரேட்டர் என்று என் பெயரும் கன்டெய்னர் தூக்குகிற என் வேலையும் ஒட்டியிருக்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் முதலில் டப்பாவைப் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான், பிறகு சிரிக்காமல் போகிறான், அந்தச் சிரிக்காமல் போவதுதான் தாங்கவில்லை. எல்லாம் போன மாதம் யாரோ ஒரு டிரைவர் கஞ்சா மப்பில் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்துக் கேன்டீன் சுவரில் விட்டதால் வந்த வினை. சாம்பார் வாளியைத் தவிர யாருக்கும் அடியில்லை. ஆனால் புது மேனேஜர் சும்மா விடவில்லை, இந்தக் கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறவன், பெட்டி தூக்குகிறவன் அத்தனை பேருக்கும் மூத்திர டெஸ்ட் என்று சொல்லிவிட்டார், டாக்டரம்மா ஒருவரை வரவழைத்து மெடிக்கல் ரூமில் உட்கார்த்தியும் விட்டார். போதைப் பொருள் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, இருந்தால் வேலை கிடையாது. எனக்கென்ன பயம், பீடியைக்கூடத் தொடாதவன். பயம் எனக்கில்லை. அதோ மூன்றாவது நாற்காலியில் என்னை முன்பின் தெரியாதவர்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே, ட்ரெய்லர் டிரைவர் லிங்கதுரை, என் தங்கச்சி ஜெயக்கொடியின் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். அவர் இடுப்பில், பெல்ட்டுக்கும் பனியனுக்கும் நடுவில், காலையில் எனக்கு வந்ததெல்லாம் ஒரு பாட்டிலில் இருக்கிறது.

அதை நான் எப்படிக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, இந்த இடத்தில் சிரித்தால் வேறு வினை. விடிந்ததும் வந்துவிட்டார் மனிதர். தீபாவளிக்கு வருகிற மாதிரி குளித்து, திருநீறு பூசி, சட்டையை இன் பண்ணி வாசலில் நிற்கிறார். என் வீட்டுக்காரி வேலம்மாள் “வாங்கண்ணே” என்று காபி போட உள்ளே ஓடினாள், அவளுக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளை என்னை மாட்டுக்கொட்டில் பக்கம் கூட்டிப்போய், தரையைப் பார்த்தபடி, “மச்சான், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்க வெக்கமா இருக்கு” என்றார். மாப்பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்டார், வந்தது. பொங்கல் படியோடு பைக் கேட்டார், அதுவும் வந்தது, அவர் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி மட்டுமல்ல, மடியில் என்னென்ன வைக்கவேண்டுமோ அத்தனையும் வந்தது. நான் மனசுக்குள் என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து பிள்ளைகள் குடிக்கிற இருமல் மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்தார், வெந்நீரில் கழுவி லேபிளைச் சுரண்டிய பாட்டில். “ஒங்களது சுத்தமா இருக்கும்லா” என்றார். எனக்குச் சத்தியமாக முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, சுத்தம் என்று ஒருத்தர் நம் வீடு தேடி வருகிறாரே. கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன், குறை வைத்தான் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. துண்டால் துடைத்தேன். கையில் அப்படியே கொடுக்க மனசு வரவில்லை, மஞ்சள் பையில் போட்டேன், வெறும் பாட்டிலாக இருக்கிறதே என்று பழத்தாரிலிருந்து இரண்டு பழம் பிய்த்து அதையும் பையில் வைத்தேன். கை தானாகச் செய்தது, பழக்கதோஷம். இரண்டு கையாலும் நீட்டினேன், அவரும் இரண்டு கையாலும் வாங்கினார், வேலம்மாள் காபியோடு வந்து பார்த்துவிட்டு “எண்ணெயா?” என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றோம்.

பையைக் கொடுத்தபோது கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதா, தோன்றவில்லை. அது அப்படித்தான், கொடுக்கிற நேரத்தில் எனக்கு என் நினைப்பே இருக்காது. நல்ல குணம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் உலர்கிறது. ஒரு லட்டு கிடைத்தால் நன்றாக இருக்கும். இல்லை, மஸ்கோத் அல்வா. இப்போதெல்லாம் இனிப்பை நினைத்தால் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், ஜெயக்கொடி. அவள் முதல் தடவை அழுதுகொண்டு வந்தபோது, மாப்பிள்ளை உப்பளத்துக்குப் பின்னால் பையன்களோடு உட்கார்ந்து புகைக்கிறார் என்று சொன்னாள். நான் பீரோ அனுப்பினேன். ஏன் பீரோ என்று கேட்டால் எனக்கும் தெரியாது. வீட்டில் ஒரு புது சாமான் வந்தால் மனுசன் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேனோ என்னவோ. இரண்டாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், நான் மறுநாளே மிக்சி வாங்கி அனுப்பினேன். அவள் அழுதபோதெல்லாம் ஒரு சாமான் போயிருக்கிறது. அண்ணா, எனக்கு சாமான் வேண்டாம், அவர்கிட்டப் பேசு என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்புறம் பேசினேன், பேசாமலில்லை. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, எதிரில் உட்காரவைத்து, போதை மனுசனை எப்படி உருக்குலைக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்துத் தெரு மரியதாஸ் மகன் மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக் கையே அழுகிப்போனதை உதாரணம் காட்டினேன். மூட்டு வலி லேகியத்தை டப்பியிலிருந்து விரலால் வழித்து நக்கிக்கொண்டே சொன்னேன். அவ்வளவு கோர்வையாக நான் வாழ்நாளில் பேசியதில்லை. கடைசியில் அவருக்குக் கண் கலங்கியது, எனக்கு அதைப் பார்த்து ஏனோ சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவருடைய வேலை போனால் ஜெயக்கொடி என்ன செய்வாள் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு. இந்த ஒரு பாட்டில் கரை சேர்ந்துவிட்டால் போதும்.

“லிங்கதுரை!” என்று எபனேசர் உள்ளேயிருந்து கூப்பிட்டான். மாப்பிள்ளை எழுந்தார். என்னைக் கடக்கும்போது இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனார், வயிற்றுவலிக்காரர் மாதிரி, அப்படிப் பிடிக்காதீர்கள் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. எபனேசர் வெளியே வந்து, ஒரு செம்புத் தண்ணீரோடு என் பக்கம் உட்கார்ந்தான். நல்ல பையன், நாசரேத் பக்கம், லேப் வேலை படித்தவன், வாய் மட்டும் ஓயாது. “குடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்கென்ன, ஒங்களப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே. சும்மா நாலு சொட்டு விட்டுட்டுப் போயிருங்க” என்றான். நான் குடித்தேன். “ஆனா ஒண்ணு, இப்பல்லாம் நல்லவன் கெட்டவன்னு ஆளப் பாத்துச் சொல்ல முடியல கேட்டியளா. போன தடவ வேற ஒரு யார்டுல ஒரு பெரியவரு. பீடி கிடையாது, டீ கூடக் கிடையாது. டெஸ்ட்டுல பாத்தா கஞ்சா. மனுசன் அழுறாரு. நாங்களும் மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். அப்புறம் டாக்டரம்மா தோண்டித் தோண்டிக் கேட்டா, மூட்டு வலிக்கு ஒரு லேகியம் திங்காராம்.” “லேகியமா?” என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. “ஆமா, சந்தைல மைக்கு வச்சு விப்பான்லா, பச்ச டப்பி. கருப்பட்டி, நெய்யி, சுக்கு, எல்லாம் நல்ல சாமான்தான், கூட அதையும் வறுத்துப் பொடிச்சுப் போட்டுருதான். அப்புறம் வலி எங்க தெரியும்? வலின்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. நல்லாப் பசிக்கும், நல்லாத் தூக்கம் வரும், சும்மா இருக்கும்போதே சிரிப்பு வரும். பாவம், அவுக வீட்டம்மா, எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் சந்தோசமா இருக்காருன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்காவ.” எபனேசர் சிரித்தான். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அவன் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

பச்சை டப்பி. இல்லை, என் டப்பி பச்சை இல்லை, கரும்பச்சை. கரும்பச்சை வேறு, பச்சை வேறு. சந்தையில் வாங்கினேனா, ஆமாம், மைக் வைத்து விற்றானா, ஆமாம், ஆனால் எல்லாச் சந்தையிலும்தான் மைக் வைத்து விற்கிறான், எலி மருந்தைக்கூட மைக் வைத்துத்தான் விற்கிறான். கருப்பட்டி இருந்தது. நெய் இருந்தது. வேறு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவன் “ஒரு நெல்லிக்கா அளவு, சோத்துக்குப் பிறகு” என்றான், அது போதும் என்று வந்துவிட்டேன். முதல் ராத்திரியே வலி போனது. நெல்லிக்காய் அளவு கொஞ்ச நாளில் குட்டிக் கொழுக்கட்டை அளவானது, இப்போது எலுமிச்சம்பழம். வேலம்மாளுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். ஏன் மறைத்தேன், மருந்தை யாராவது மறைப்பார்களா. போன வாரம் டிவியில் வானிலை அறிக்கை வாசித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேனே, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, அதில் சிரிக்க என்ன இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த மிக்சர் பாக்கெட்டை அடுக்களையில் நின்றபடி முழுக்கத் தின்றுவிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, கன்டெய்னரும் மனுசனும் ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே ஒட்டியிருப்பதை வைத்துச் சொல்லக்கூடாது என்று வேலம்மாளிடம் தத்துவம் பேசினேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கு இப்பத்தான் மனுசன் மாதிரி பேச்சு வருது” என்றாள். அவளும் சந்தோஷமாக இருந்தாள். நான் பேசுகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், கோபப்படுவதில்லை. ஐயோ, மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்ன அந்தச் சாயங்காலம். அவ்வளவு கோர்வையாகப் பேசினேனே. அது நான் பேசியதா, லேகியம் பேசியதா. கஞ்சாவின் தீமையைப் பற்றிக் கஞ்சா தின்றுகொண்டே ஒருவன் இன்னொருவனை அழவைத்திருக்கிறான் என்றால் அவனை என்ன செய்தால் தகும். இப்போது கூட இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறதே புத்தி, இது எப்போதும் இப்படித்தானா, இல்லை நேற்று ராத்திரி தின்ற எலுமிச்சம்பழமா.

இரு, இரு. என்னை விடு. கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளை இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். பெல்ட்டைத் தளர்த்தி, பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் சீரை அரசாங்கப் பால்பூத்தில் அளந்து ஊற்றுகிற மாதிரி டப்பாவில் ஊற்றிக்கொண்டிருப்பார். சுத்தமான மச்சானுடைய சுத்தமான சரக்கு. அவருடையதே தேவலை என்று ஆகியிருக்கும், அவர் இப்போதெல்லாம் குறைத்துவிட்டதாக ஜெயக்கொடி சொன்னாளே, நான்தான் நம்பவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தட்டி, மாப்ள, ஊத்தாதீங்க என்று கத்தவேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். கத்தாவிட்டாலும் அவருக்குப் போகும், அப்புறம் எனக்கு வரும், வந்தால், வராமலே இருந்தால், எத்தனை நாள் வராமல் இருக்கும், செம்புத் தண்ணீர் குடித்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. எதிரே யார்டில் என் வண்டி வெயிலில் நிற்கிறது, எனக்குப் பதிலாக யாரோ ஓட்டப்போகிறான். ஒருதடவை கழுத்தை நீட்டினால் முப்பது டன் பெட்டியைத் தூக்கும், அடியில் ஆட்கள் கயிறும் கொக்கியுமாகக் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள், “தங்கப்பழம் அண்ணாச்சி மேல இருந்தா தைரியமாப் போலாம்” என்று ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு மேலேதான் நான் எலுமிச்சம்பழம் அளவு தின்றுவிட்டு மறுநாள் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். காலையில் தெளிந்துவிடும் என்று சொல்லலாம். மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்வார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, வேலைக்காக மட்டும் இல்லை.

கதவு திறந்தது. மாப்பிள்ளை வந்தார், நேரே என் பக்கத்து நாற்காலியில், இத்தனை நேரம் தெரியாதவராக இருந்தவர், எல்லாரும் பார்க்க உட்கார்ந்தார். பனியனுக்குள் கையை விட்டு மஞ்சள் பையில் சுருட்டிய பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தார். கழுத்துவரை அப்படியே இருந்தது. போன உயிர் வந்தது எனக்கு, அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. வந்த உயிர் முழுக்க வந்து சேர்வதற்குள் கோபமும் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்து ஒன்றைத் திருப்பிக்கொடுத்தவரில்லை அவர். “என்ன மாப்ள, கொறையா இருந்துச்சா?” என்று என் வாய் கேட்டது. “கொறையில்ல மச்சான்” என்றார். “உள்ள போயி மூடியத் தொறந்துட்டேன். ஊத்தப் போகும்போது கை ஓடல. பாத்தியளா, கையில மோதிரம் ஒங்களது. ஏறி வந்த பைக்கு ஒங்களது. வீட்டுல பீரோ, கட்டிலு, மிக்சி, எல்லாம் நீங்க குடுத்தது. இனி என் ஒடம்புக்குள்ளருந்து வாரதும் ஒங்க வீட்டுதுன்னா, நான்னு ஒருத்தன் என்னத்துக்கு மச்சான்? ஜெயா கேட்டா என்ன சொல்லுவேன்? மூடிட்டேன். டாக்டரம்மாட்ட போயி, எனக்குப் பழக்கம் உண்டும்மா, விட்டுட்டு வாரேன், இருந்தும் ஆடிக் கோயில் கொடைக்கு ஒரு நாள் தொட்டுட்டேன், இதான் உண்மைன்னு சொல்லிட்டேன்.” “வேல?” என்றேன். “டெஸ்ட்டுக்கு முன்னாலயே சொன்னதுக்காக வேலய விட்டு எடுக்கமாட்டாவளாம். கொஞ்ச நாளு ட்ரெய்லர் கெடையாது, சரக்குச் சரிபாக்குற வேல. வாராவாரம் அவுககிட்ட வந்து பேசணும், மாசாமாசம் டெஸ்ட்டு. அதுக்கப்புறம் என்னதையும் குடுத்தேன், என்ன வருதோ வரட்டும்னு.” அவர் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. எத்தனை பீரோ அனுப்பியும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என்னை இத்தனை நாளாகப் பெருமைப்படுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மடியில் பாட்டிலாக உட்கார்ந்திருந்தது, அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“தங்கப்பழம் அண்ணாச்சி, இப்ப வருதா பாப்பம்” என்று எபனேசர் கூப்பிட்டான். நான் எழவில்லை. மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் கை நீட்டுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம், என் அப்பா தாகத்துக்குத் தண்ணீர்கூட அத்தை வீட்டில் கேட்டு வாங்கமாட்டார். “மாப்ள,” என்றேன், “உள்ள குடுத்ததுபோக, ஒங்களுக்கு இன்னும் கொஞ்சம் வருமா?” அவர் புரியாமல் பார்த்தார். “எனக்குத்தான்” என்றேன். “ஒங்களுக்கா?” “எனக்குத்தான் மாப்ள. இப்ப என்னோடதவிட ஒங்களதுதான் சுத்தம்.” லேகியத்தைச் சொன்னேன். கரும்பச்சை டப்பியை, எலுமிச்சம்பழத்தை, அரிசி டிரம்மை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அழுகிறார் என்று நினைத்து நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன், அதில் இன்னும் அதிகமாகக் குலுங்கினார். “அன்னைக்கு எனக்குப் புத்தி சொன்னியளே, அன்னைக்குமா?” என்று திணறித் திணறிக் கேட்டார். தலையாட்டினேன். “அன்னைக்கு ராத்திரிதான் மச்சான் நான் விட்டேன்” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “தரமாட்டேன் மச்சான். என்ன வேணாலும் கேளுங்க, இது மட்டும் தரமாட்டேன். வாங்க உள்ள” என்று என் கையைப் பிடித்து எழுப்பினார். பாட்டிலைப் போகிற வழியில் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயையும் திறந்துவிட்டார். டாக்டரம்மா சின்ன வயசுதான், கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “என்ன, ரெண்டு பேரா வர்றீங்க?” நான் வாயைத் திறந்தேன், பீடியைக்கூடத் தொடாதவன் என்றுதான் தொடங்க வந்தது, விழுங்கிக்கொண்டு லேகியத்தைச் சொன்னேன், மூட்டு வலிக்குத்தான் என்றேன். “எல்லாரும் ஏதாவது ஒரு வலிக்குத்தான் ஆரம்பிக்கிறாங்க” என்று பேனாவை எடுத்தார். “எத்தனை நாளா இந்தப் பழக்கம்?” பழக்கம். அந்தச் சொல்லை இதுவரை நான் பிறத்தியாருக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். “முதல்ல எவ்வளவு எடுத்தீங்க, இப்ப எவ்வளவு எடுக்கிறீங்க?” நெல்லிக்காய் என்றேன், எலுமிச்சம்பழம் என்றேன். “எடுக்காட்டி தூக்கம் வருமா?” வராது. “இப்படி எடுத்துட்டுத்தான் மறுநாள் வண்டி ஓட்டினீங்களா?” அதற்கும் ஆமாம் என்றேன். “வீட்டுல தெரியுமா, மறைச்சு வச்சிருக்கீங்களா?” எனக்குத் தலை தானாகக் குனிந்தது. அப்போது பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் தோளில் கையைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறுப்பான குடும்பத்துப் பெரியவர் குரலில், “எங்க மச்சான் தங்கமான மனுசன் டாக்டரம்மா,” என்றார், “சேர்க்கைதான் சரியில்ல.”